சாதிகா ஊதாத மேல்குரல்

அல் அமீனுக்குத் தொழில் பட்டன், ஜிப், நூல்கண்டு. சிம்மக்கல்லில் இருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் சந்தில் சின்னக் கடை, மாடியில் வீடு. மதுரையில் தையல் மெஷின் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். ஆனால் அவர் ரெக்கார்டர் ஊதுவார் என்பது பக்கத்துக் கடைக்காரருக்கே சரியாகத் தெரியாது. ரெக்கார்டர் என்றால் பேச்சைப் பதிகிற மெஷின் என்று நினைத்து, தன் மகள் கல்யாணத்துக்கு எடுத்துவரச் சொன்னவர் அவர். இது அந்த ரெக்கார்டர் இல்லை, ஊதுகிற குழல், நெட்டுக்குத்தாகப் பிடித்து நுனியில் ஊத வேண்டும், இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளின் பையில் நீட்டிக்கொண்டிருக்குமே அதுதான் என்று அல் அமீன் பொறுமையாக விளக்கினார்.

"அப்ப நாயனம்னு சொல்லுங்க பாய்" என்றார் அவர்.

அல் அமீன் அதோடு விட்டுவிட்டார். மதுரைக்காரருக்கு நாயனம் அல்லாத குழல் ஒன்றைப் புரியவைப்பது எளிதில்லை.

அவருக்கு அதை ஊதக் கற்றுக்கொடுத்தது மனைவி சாதிகா. வடகரையில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரெக்கார்டர் அவள் பொறுப்பு. கல்யாணமான புதிதில் அவள் வீட்டில் பயிற்சி செய்வதைக் கேட்டுக் கேட்டு, இவரும் ஒருநாள் எடுத்து ஊதிப் பார்த்தார். கீச்சென்றது. அவருக்குத் தடித்த விரல். சின்னக் குழலின் ஓட்டைகளில் அவை ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. சாதிகா சிரித்துவிட்டு, கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடம் தள்ளிவிட்ட பழைய பெரிய குழல்கள் இரண்டை வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து அடிக்குரலும் நடுக்குரலும் அவருக்கு. மேல்குரல் அவளுக்கு.

பாட்டின் மெட்டு முழுவதும் மேல்குரலில்தான் இருக்கும். கீழே ஊதுகிறவர் அதைத் தாங்கிப் பிடிக்கிறவர், அவ்வளவுதான். அல் அமீனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. சட்டை நன்றாயிருக்கிறது என்று சொல்கிறவன் பட்டனைப் பார்த்தா சொல்கிறான்?

சாதிகாவின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. குழல் கையில் கிடைத்தால் பிள்ளைகள் உடனே வாயில் வைத்துக் காதைக் கிழிப்பார்கள். அதனால் எந்தப் பாட்டையும் முதலில் ஊத விடமாட்டாள். "நாடியில வை" என்பாள். குழலின் நுனியை உதட்டுக்குக் கீழே, நாடியில் ஊன்றிக்கொள்ள வேண்டும். ஊதாமல், விரல்களை மட்டும் ஓட்டைகளின் மேல் முழுப் பாட்டுக்கும் நடத்த வேண்டும். விரல் சரியாக விழுந்த பிறகுதான் வாய்க்குப் போகலாம். விரல் எட்டாத பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் கையால் அந்த விரலைப் பிடித்து ஓட்டையில் அமுக்கிக் காட்டுவாள். இந்தச் சட்டத்துக்குப் பயந்தே ஒழுங்காகப் பழகிய பிள்ளைகள் நிறைய.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது பதிவுகள் தொடங்கின. பிள்ளைகள் அவரவர் வீட்டில் தனியாக ஊதி அலுத்துப்போனார்கள். கீழ்க்குரல்களைப் பதிந்து போனில் அனுப்பினால், அதைப் போட்டுக்கொண்டு மேல்குரலைப் பிள்ளைகள் ஊதலாமே என்று சாதிகாவுக்குத் தோன்றியது. கட்டில் மெத்தையை ஜன்னலில் சாத்திவைத்து, மைக்குக்கு முன்னால் அல் அமீன் முதலில் அடிக்குரலை ஊதுவார். பிறகு அதைக் காதில் கேட்டுக்கொண்டே நடுக்குரலை ஊதிச் சேர்ப்பார். இரண்டு முறையும் சாதிகா எதிரே உட்கார்ந்திருப்பாள். சின்னக் குழலை நாடியில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், மேல்குரல் முழுவதையும் விரலால் ஓட்டிக்கொண்டிருப்பாள். அவள் தோள் எங்கே ஏறுகிறதோ அங்கே இவர் மூச்செடுப்பார். விரல் எங்கே நிதானிக்கிறதோ அங்கே இவரும் நிதானிப்பார். காதுக்குக் கேட்காத ஒரு பாட்டைக் கண்ணால் பார்த்து அதற்குப் பக்கவாத்தியம் வாசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருமுறை அவர் கேட்டார். "ஒரு தடவ நீயும் ஊதிரேன். எப்படி இருக்கணும்னு புள்ளைகளுக்குத் தெரியும்ல?"

"நான் ஊதிட்டா அதுக கேட்டுட்டுச் சும்மா உக்காந்துரும். எடம் காலியாக் கெடந்தாத்தான் வந்து ஊதும்" என்றாள் சாதிகா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மகள் ஃபர்ஹா அந்தப் பதிவுகளை யூடியூபில் ஏற்றிவிட்டாள். பிள்ளைகளுக்கென்று போட்டதை உலகத்தில் வேறு யாரோ கேட்கத் தொடங்கினார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர், பல் டாக்டர், கணவனை இழந்த அம்மாள் என்று, தனியாக ரெக்கார்டர் ஊதிக்கொண்டு, கூட ஊத ஆளில்லாமல் கிடந்தவர்கள் இம்புட்டுப் பேர் இருப்பார்கள் என்று அல் அமீன் நினைத்ததே இல்லை. டென்மார்க்கில் ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இவரோடு ஊதுவதாக எழுதியிருந்தார். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் பதிவு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, கடையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பாட்டு என்று ஆகிவிட்டது.

அந்த டென்மார்க்காரர்தான் ஒருநாள் மரியாதையாக ஒரு குறை சொன்னார். பின்னால் டக் டக் என்று மெல்லிய சத்தம் ஒன்று கேட்கிறதே, கடிகாரமா, பூச்சியா? மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அல் அமீன் காதில் மாட்டிக் கேட்டார். சாதிகாவின் விரல்கள் பிளாஸ்டிக் குழலின் ஓட்டைகளில் விழுகிற சத்தம் அது. ஊதாமல் இருந்தாலும் விரல் விழத்தானே செய்யும்.

"அத்தா, இதுக்கு ஒரு ஆப் இருக்கு" என்றாள் ஃபர்ஹா.

அல் அமீனுக்குச் சுத்தம் பிடிக்கும். கடையில் பட்டனை நிறம் நிறமாக டப்பாவில் பிரித்து வைத்திருக்கிற ஆள். பழைய பதிவுகளில் ஒன்றைக்கூட விடாமல் சலித்து, டக் டக்கைத் துடைத்து, புதிதாக ஏற்றினார். யூடியூபில் இருந்த பழையவற்றை எடுத்துவிட்டார், போனில் இடமில்லை என்று அங்கேயும் அழித்தார். அதற்குப் பிறகு பதிந்தவற்றையும் துடைத்தே ஏற்றினார். பழையதை எல்லாம் சலிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சாதிகாவிடம் போட்டுக் காட்டி, "இப்பப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு" என்று பெருமை வேறு பட்டுக்கொண்டார். அவளும் நன்றாயிருக்கிறது என்றாள்.

அடுத்த வருஷம் அவள் நாக்கு தடுமாறத் தொடங்கியது. ரெக்கார்டரில் ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் 'து' என்று தட்டித் தொடங்க வேண்டும். வகுப்பில் ஒரு பெண் எழுந்து, மிஸ் இப்பல்லாம் 'ஊ'ன்னு ஊதுறாங்க என்று சொல்ல, பிள்ளைகள் சிரித்தார்கள். சாதிகாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தாள். கொஞ்ச நாளில் பேச்சும் குழறியது. தண்ணீர் குடித்தால் புரையேறியது.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிட்டு டாக்டர் அல் அமீனை உட்காரச் சொன்னார். "இது நரம்புல வர்றது. நாக்குல ஆரம்பிச்சிருக்கு. கை, கால், மூச்சுன்னு போகும். எது முன்ன, எது பின்னன்னு சொல்ல முடியாது."

"மருந்து சார்?"

"வேகத்தக் கொஞ்சம் கொறைக்கலாம்."

அல் அமீன் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். கேரளா போனார்கள். தர்காவில் ஓதிய தண்ணீர் குடித்தாள். சோழவந்தானில் வெற்றிலைச் சாற்றில் மருந்து குழைத்துத் தருகிறவர் ஒருவரிடம் மாதக்கணக்கில் நடந்தார்கள். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? கேட்டுக்கொள்வதைத் தவிர அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் அவருக்கு உறைத்தது. வீடு நிறைய, உலகம் நிறைய தங்கள் பதிவுகள் கிடக்கின்றன. ஒன்றில்கூட சாதிகா இல்லை. அவள் ஊதியது எதுவுமே எங்கேயும் இல்லை. எல்லாவற்றிலும் அவளுக்கான இடம் மட்டும் இருக்கிறது, காலியாக.

ஒரே ஒரு பாட்டு அவள் ஊதிப் பதிந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் கேட்க வாய் வரவில்லை. இப்போது ஊதச் சொல்லிக் கேட்டால், நீ போய்விடுவாய் என்று சொன்னதாகிவிடுமே. இந்த வெள்ளி வேண்டாம், அடுத்த வெள்ளி பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டார். கோழைத்தனம்தான். அன்பாலும் மனிதன் கோழையாவான். கடைசியில் அவர் கேட்டபோது அவள் உதடு குழலைச் சுற்றி மூடவில்லை. காற்று கடைவாயில் ஒழுகியது. வந்த சத்தம் நடுங்கி, பாதியில் அறுந்து, மறுபடி வந்து, எச்சில் நிறைந்து நின்றது. பேச்சு போய்விட்டிருந்ததால் அவள் போனில் எழுதிக் காட்டினாள்: "அழிச்சிருங்க."

"இருக்கட்டுமே. எனக்கு மட்டும்."

அவள் அந்த எழுத்தையே மறுபடி நீட்டினாள். டீச்சர் அல்லவா, அரைகுறையாகப் பிள்ளைகள் ஊதியதையே ஒப்புக்கொள்ளாதவள். அவர் அவள் கண் முன்னால் அழித்தார். போனின் குப்பைக்கூடையைத் திறந்து அங்கேயும் அழிக்கச் சொல்லி விரலால் காட்டினாள். அங்கேயும் அழித்தார்.

ஆனாலும் ஆசை விடவில்லை. பழைய மாணவர்களின் வீடுகளுக்குப் போன் போட்டார். ஆண்டு விழா வீடியோவில் எதிலாவது டீச்சர் ஊதியிருப்பாரா? வாடிப்பட்டியில் அருள்பாண்டி என்ற பையனின் அம்மா பாண்டீஸ்வரிதான் இருக்கிறது என்று சொன்னாள். "எங்கிட்ட இருக்குண்ணே. டீச்சர் நல்லா கிட்டக்கத் தெரிவாங்க. பழைய போனு, அனுப்பத் தெரியல. வந்து பாத்துக்கங்க."

கடையைப் பூட்டிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினார். பாண்டீஸ்வரி ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி கொடுத்தாள். கண்ணாடி விரிசல் விட்ட போன். சார்ஜர் ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் உயிர் வந்தது. அவளே பிடித்துக்கொண்டாள்.

மேடையில் பிள்ளைகள் வரிசையாக நின்று ஊதினார்கள். ஓரமாக, கேமராவுக்குப் பக்கத்தில், நீலப் புடவையில் சாதிகா. முக்காடு நழுவாமல் ஊசி குத்தியிருந்தாள். கையில் சின்னக் குழல். விரல்கள் பாட்டோடு ஓடின. தோள் ஏறி இறங்கியது. பிள்ளைகளில் யாராவது வழி தவறினால் பார்த்துப் பிடித்துக்கொள்வதற்காக, பாட்டு முழுவதையும் அவர்களோடு சேர்ந்து வாசித்தாள். குழல் நாடியில் இருந்தது.

அல் அமீன் கடைசிவரை பார்த்தார். வாய்க்கு அது போகவே இல்லை.

"பாத்தீங்களாண்ணே, டீச்சர் எம்புட்டு அழகா ஊதுறாங்க" என்றாள் பாண்டீஸ்வரி, ஒயரைப் பிடித்தபடி.

"ஆமாம்மா" என்றார் அல் அமீன். காபியைக் குடித்து முடித்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த டக் டக் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பதிவிலும் அவள் வாசித்திருக்கிறாள். முதல் சுரத்தில் இருந்து கடைசிச் சுரம் வரை, ஒன்றுகூட விடாமல். காற்று மட்டும்தான் இல்லை. அவ்வளவையும் பூச்சி என்று யாரோ சொன்னதற்காகத் துடைத்துப் போட்டது யார்? அவரேதான். கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று அவளிடமே காட்டியதும் அவரேதான். சமயநல்லூர் தாண்டும்வரை பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார், இவர் காதில் எதுவும் விழவில்லை.

"அத்தா, அழிச்சது அழிச்சதுதான்" என்றாள் ஃபர்ஹா. சொல்லிவிட்டு அழுதாள். ஆப்பைப் பற்றிச் சொன்னது தான்தானே என்று அவளுக்கு வேறு வருத்தம். அவளையும் தேற்ற வேண்டியதாயிற்று.

பழைய பதிவை யாராவது இறக்கி வைத்திருக்கிறீர்களா, அந்த டக் டக் சத்தத்தோடு, என்று யூடியூபில் எழுதிக் கேட்டார். காரணத்தையும் சொன்னார். ஊர் ஊராகப் பதில் வந்தது. பழைய பதிவு ஒருவரிடமும் இல்லை, போனில் வாங்கிய பிள்ளைகளின் வீடுகளிலும் இல்லை. அதற்குப் பதிலாக ஆளாளுக்கு மேல்குரலை ஊதிப் பதிந்து அனுப்பினார்கள், உங்கள் மனைவிக்காக என்று. டென்மார்க்காரர் மூன்று பாட்டு அனுப்பினார். நல்ல மனசுக்காரர்கள், குறை சொல்வதற்கில்லை. சாதிகா எல்லாவற்றையும் கேட்டாள், சிலவற்றுக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். உலகம் முழுக்க ஊதிய மேல்குரல் வந்து சேர்ந்துவிட்டது. அல் அமீன் நன்றி எழுதியே ஓய்ந்தார்.

இனி ஒன்றுதான் மிச்சம். அவளுக்குக் கை இருக்கிறது. விரல் ஓடுகிறது. அந்த டக் டக்கையாவது இப்போது பதியலாம்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மெத்தையை ஜன்னலில் சாத்தினார். அவளை நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்த்தினார். மைக்கைத் தன் பக்கத்தில் இருந்து எடுத்து அவள் விரலுக்கு நேராக, வெகு கிட்டத்தில் வைத்தார்.

"இன்னைக்கு மைக்கு ஒனக்கு" என்றார்.

அவளுக்குத் தோள் குலுங்கியது. இப்போது அதுதான் அவள் சிரிப்பு. குழலை எடுத்து நாடியில் வைத்தாள். அவர் பெரிய குழலோடு சுவர் ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டார், தன் சத்தம் அவள் சத்தத்தை மூடிவிடக்கூடாதே என்று. அவள் தோள் ஏறியது. அவர் மூச்செடுத்தார்.

பாட்டு அவளே கட்டியது. பிள்ளைகளுக்கென்று, மேலே ஏறி, படிப்படியாக அடிச் சுரத்துக்கு இறங்கி, மறுபடி ஏறுகிற மெட்டு. அவர் அவள் விரலைப் பார்த்து ஊதினார். எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் ஊதியது போலத்தான். ஒரு குறையும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. முடித்ததும் அவருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மனம் லேசாக இருந்தது. இதோ கிடைத்துவிட்டது. இனி எது போனாலும் இது இருக்கும்.

ஹெட்போனை மாட்டிக் கேட்டார். டக், டக் என்று பளிச்சென்று விழுந்தன விரல்கள். காற்றில்லாத அந்தப் பாட்டை அவரால் முழுதாகக் கேட்க முடிந்தது. மெட்டு இறங்கும் இடம் வந்தது. அங்கே வலது கையின் மூன்று விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழ வேண்டும். டக், டக் என்று இரண்டு விழுந்தன. மூன்றாவது விழவில்லை.

பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். மெட்டு இரண்டாவது முறை இறங்கும் இடத்திலும் போய்க் கேட்டார். அங்கேயும் இரண்டுதான். மோதிர விரல் ஓட்டைக்கு மேலே வந்து நின்றிருக்கிறது, ஓட்டையைத் தொடவில்லை. கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரிந்துவிட்டது. நாக்கில் தொடங்கியது கைக்கு வந்துவிட்டது. அவளுக்கே இன்னும் தெரிந்திருக்காது.

சாதிகா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

"நல்லாருக்கு" என்றார் அல் அமீன். "கீழ பஸ் ஹாரன் கொஞ்சம் விழுந்துருச்சு. அம்புட்டுத்தான். இன்னொரு நாளைக்கு எடுப்போம்."

அவள் கையை நீட்டினாள். அவர் ஹெட்போனைக் கொடுக்காமல் ஒயரைச் சுருட்டினார். கை நீட்டியபடியே இருந்தது. அவள் கேட்டு அவர் மறுத்த பழக்கமில்லை. கழற்றி அவள் தலையில் மாட்டிவிட்டார்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். இறங்கும் இடத்தில் கண் திறந்தது. அப்புறம் கடைசிவரை கேட்டாள். வலது கையைத் தூக்கி, மோதிர விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வகுப்பில் பிள்ளையின் விரலைப் பார்ப்பது போல. அதை மடக்கிப் பார்த்தாள். அது பாதி மடங்கி நின்றது. அல் அமீன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அழக்கூடாது என்று நினைத்தார், அழுதார்.

சாதிகா அவரைப் பின்னால் வந்து உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். நாற்காலிக்குப் பின்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் வலது கையை முன்னால் இழுத்து, அவர் மோதிர விரலைத் தேடிப் பிடித்து, தன் விரல் விழாத ஓட்டையில் வைத்தாள். அவருடையது தடித்த விரல். பக்கத்து ஓட்டையில் இடித்தது. அவள் அதைக் கொஞ்சம் நகர்த்தி, நேராக்கி, மேலே இருந்து ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு குழலை நாடியில் வைத்தாள்.

"பதியவா?" என்று கேட்டார்.

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். விரல் சரியாக விழும்வரை வாய்க்கே போகக்கூடாது என்பது அவள் சட்டம், பதிவுக்கும் அதேதான். அவள் தோள் ஏறியது. அல் அமீன் விரலைத் தூக்கிக்கொண்டு, மெட்டு இறங்கும் இடத்துக்காகக் காத்திருந்தார்.